ஹஸ்கிக்கு ஸ்வெட்டர்

மார்கழி விடியலில் சென்னை 21 டிகிரிக்கு இறங்கினால் போதும், நாய்களுக்கெல்லாம் ஸ்வெட்டர் முளைத்துவிடுகிறது. சைபீரியன் ஹஸ்கிக்குக்கூட! பிறவியிலேயே இரட்டை அடுக்கு ரோமத்தோடு வந்த பிராணி. வருஷத்தில் அது நிம்மதியாக மூச்சுவிடும் இரண்டு மாதத்தையும் பிடுங்கியாயிற்று. நிஜமாகவே குளிரில் மூட்டு வலிக்கிற கிழட்டு நாய் மொட்டைமாடியில் வெறும் சிமென்ட் தரையில் கிடக்கிறது. போட்டோவுக்கு லாயக்கில்லையாம்.

நாய்க்கு இயல்பான உடல்சூடே 38 டிகிரிக்கு மேல்தான் என்று மருத்துவர் சொன்னால், "ஐயோ, காய்ச்சலா டாக்டர்?" என்று பதறுகிறார்கள். அவர் ரேபிஸ் தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார். கணவர் மனைவியைப் பார்க்கிறார். குடற்புழு மருந்து கடைசியாகக் கொடுத்தது எப்போது? மனைவி கணவரைப் பார்க்கிறார். ஸ்வெட்டர் வாங்கிய தேதி வேண்டுமானால் இன்ஸ்டாகிராமில் இருக்கிறது.