மிஸ்டு கால் கொடுத்தால் செய்தி!

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாதவர் செய்தி கொடுக்க முடியுமா?

பதில்: கொடுக்கிறார்களே! சத்தீஸ்கர் ஆதிவாசிகளுக்காக, பிபிசியில் வேலை பார்த்த சுப்ரான்ஷு சௌத்ரி 2010-ல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா' என்ற தொலைபேசிச் செய்திச் சேவை அப்படிப்பட்டது. பட்டன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், கணினியே திருப்பி அழைக்கும். 1-ஐ அழுத்திப் பேசலாம். 2-ஐ அழுத்தி மற்றவர் பேசியதைக் கேட்கலாம். கோண்டி மொழியிலும் பேசலாம். நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை, அடிபம்பு பழுது என்று குறையைச் சொல்லி, பொறுப்பான அதிகாரியின் எண்ணையும் சேர்த்துச் சொல்வார்கள். சரிபார்த்த பிறகே வெளியாகும். எங்கோ நகரத்தில் அதைக் கேட்டவர் அந்த அதிகாரிக்குப் போன் போடுவார். ஊர்க்காரர் நேரில் போய் நின்றும் நகராத கோப்பு, வெளியூரிலிருந்து நாலு பேர் கேட்டதும் நகர்ந்திருக்கிறது. குறை தீர்ந்ததும் அதையும் அழைத்துச் சொல்கிறார்களே, அந்தப் பதிவுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

கேள்வி: கோண்டியை எத்தனை பேர் பேசிவிடப் போகிறார்கள்?

பதில்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 30 லட்சம் பேர். ஆனாலும் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை. அதே கணக்கெடுப்பில் 25 ஆயிரம் பேர்கூடத் தாய்மொழி என்று பதியாத சமஸ்கிருதத்துக்கு இடம் உண்டு.

கேள்வி: கையில் ஸ்மார்ட்போன் இருந்தால் எல்லோரும் நிருபர்தானே?

பதில்: இல்லை. உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002-ல் கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், நடத்தத் தொடங்கிய பத்திரிகை 'கபர் லஹரியா'. அச்சிலிருந்து வீடியோவுக்கு மாறியபோது, போனையே அதிகம் தொட்டிராதவர்களும் குழுவில் இருந்தார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. காவல் நிலையத்தில் நின்று கேள்வி கேட்கும்போது பின்னால் ஒரு ஆசிரியர் குழு இருந்தது. போனை விலைக்கு வாங்கிவிடலாம், இந்தத் துணையை வாங்க முடியாது. இவர்களைப் பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆவணப்படம் 2022-ல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது.

கேள்வி: நம்ம ஊரில் இப்படி ஏதும் இல்லையா?

பதில்: பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை 90.4' என்ற சமுதாய வானொலி இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் சமுதாய வானொலி எதுவும் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் தரலாம், அவ்வளவுதான். வானிலை சொல்லலாம், மீன் விலை சொல்லலாம். உள்ளாட்சியில் நடந்த முறைகேட்டைச் செய்தியாக வாசிக்க முடியாது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சொத்தில் மீனவருக்கும் ஆதிவாசிக்கும் செய்தி சொல்லும் உரிமை வேண்டும். தடையை எடுங்கள்!