கார்போகரிசிக்கு வந்த வாழ்வு

ராஜபாளையத்தில் பெண்களின் வயதைச் சரியாகக் கணிப்பவர்கள் டவுன் பஸ் கண்டக்டர்கள்தான். "தங்கச்சி, உள்ள போம்மா" என்று தொடங்கி, "அக்கா, உள்ள போங்க" என்று பல வருஷம் ஓட்டி, திடீரென்று ஒருநாள் "அம்மா, பாத்து ஏறுங்க" என்று முடித்துவிடுவார்கள். போதாக்குறைக்குக் காலேஜ் பிள்ளை ஒன்றை எழுப்பிவிட்டு நமக்கு இடமும் பிடித்துத் தருவார்கள். அந்த மரியாதையைத்தான் ஜீரணிக்க முடியாது.

இதைப் போனில் புலம்பியதற்கு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒரு பாட்டில் அனுப்பிவைத்தாள். சுண்டுவிரல் உயரம், மூடியிலேயே சொட்டு விடும் குழாய். விலை இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டாள். அட்டைப்பெட்டியின் அடியில் அதே விலை அச்சாகியிருந்ததைக் கவனிக்கவில்லை.

"ரெட்டினாலுக்குப் பதிலா இதும்மா. செடியில இருந்து எடுக்குறது. சாதுவானது, ஒண்ணும் பண்ணாது."

எங்கள் ஊரில் "சாதுவானது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்பவர்கள் நாய் வளர்ப்பவர்கள். வெள்ளை வெளேரென்று, ரோஸ் மூக்கோடு, ராஜபாளையம் நாய் கேட்டுக்குப் பின்னால் நிற்கும். சொந்தக்காரர் இதைச் சொல்லச் சொல்ல அது நம் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே இந்த வாக்குறுதியை இங்கே யாரும் முழுசாக நம்புவதில்லை.

ரெட்டினால் சாது இல்லை என்பது மட்டும் எங்கள் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும். நாத்தனார் அவள் மகன் கல்யாணத்துக்கு முன்னால் அதைத்தான் பூசினாள். ரெட்டினால் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, பழைய செல் உதிர்ந்து புது செல் மேலே வருகிற வேகத்தைக் கூட்டிவிடும். வேலை செய்கிற மருந்துதான், சந்தேகமில்லை. பட்டாணி அளவு போதும், வாரத்தில் இரண்டு ராத்திரி போட்டுப் பழகு, பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகாதே என்று தாளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவளுக்கு வெள்ளெழுத்து. முகூர்த்தம் வேறு நெருங்கிவிட்டது. ராத்திரிதோறும் தாராளமாகப் பூசிக்கொண்டு, பகலில் பத்திரிகை வைக்க வெயிலில் வீடு வீடாக அலைந்தாள். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் அம்மா முகம், ஐப்பசி மழைக்குப் பிறகு சுண்ணாம்பு பெயர்ந்த திண்ணைச் சுவர் மாதிரி இருக்கும். வீடியோக்காரர் அவளைத் தூரத்திலிருந்தே எடுத்துத் தன் நாகரிகத்தைக் காட்டிக்கொண்டார்.

எனவே புதுப் பாட்டிலை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பாகுச்சியால் என்று ஒரு பொருள். வாயில் நுழையாத பேராக இருக்கிறதே, எந்த நாட்டுச் செடியோ என்று தேடினால், சொராலியா கோரிலிஃபோலியா என்றது. இன்னும் கொஞ்சம் நோண்டினால் நம் கார்போகரிசி வந்து நிற்கிறது! வில்லிபுத்தூரில் அம்மா குளியல் பொடிக்குப் போடுகிற அதே கார்போகரிசி.

பேரில்தான் அரிசி. பார்த்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு விதை, அவரைக்கொட்டை போல ஓரத்தில் லேசாக வளைந்திருக்கும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் பிசுபிசுவென்று ஒட்டி, கசப்பும் வாசனையுமாக ஒரு நெடி. சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரைக்கும் போகாது. பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு எல்லாம் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோகும்போது அம்மா கடைசியாக ஒரு பிடி இதையும் போடுவாள். ஏன் என்று கேட்டால், "போடணும்" என்பதுதான் பதில்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வில்லிபுத்தூர் போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அம்மா ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள், மூடியைத் திருகினாள், பெட்டியைக் கவிழ்த்து அடியில் பார்த்தாள். அவள் கண்ணுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுமோ.

"இம்புட்டுக் காசா? இதுக்குப் பால்கோவா வாங்கியிருந்தா தெருவுக்கே குடுத்திருக்கலாமேடி."

பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர் இது. காசுக்கு இங்கே அதுதான் அளவுகோல். சர்க்கரை அதிகமானால் அது கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு தோலை விறைப்பாக்கும், சுருக்கம் சீக்கிரம் வரும் என்று தோல் மருத்துவர்கள் சொல்வதை அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் கடையில விக்கிற சாக்லேட்டுக்குச் சொல்றது" என்றாள்.

நாட்டு மருந்துக் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஐம்பது கிராம் பொட்டலம் கட்டிக்கொண்டே, "அசல் சதுரகிரி மூலிகைக்கா" என்றார். இந்த வட்டாரத்தில் கடுக்காய் முதல் கற்பூரம் வரை எல்லாம் சதுரகிரிச் சரக்குதான். ராஜபாளையத்துக்காரர்கள் விட்டுக்கொடுக்காமல், அனுமார் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டு எங்கள் சஞ்சீவி மலை என்பார்கள். கார்போகரிசியோ ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கம் நன்றாக விளைகிற சமவெளிச் செடி. அவர் முதுகுக்குப் பின்னால் சாய்ந்திருந்த சாக்கில் இந்தி எழுத்து இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. சில்லறை சரியாகக் கொடுத்தார்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, "பார்த்தாயா, நம் பாட்டிமார் அப்போதே கண்டுபிடித்ததை வெள்ளைக்காரன் பாட்டிலில் அடைத்து விற்கிறான்" என்று மார்தட்டத்தான் எனக்கும் ஆசை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மகன் அப்படித்தான் போட்டான், கொடிப் படத்தோடு. ஆனால் விஷயம் அப்படி இல்லை. அந்த விதையிலிருந்து பாகுச்சியாலைத் தனியாகப் பிரித்து 1966-இல் எழுதியவர்கள் ஜி. மேத்தா, யு. ராம்தாஸ் நாயக், சுக்தேவ் என்ற மூன்று பேர், புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில். வெள்ளைக்காரர் யாருமில்லை. அந்த மேத்தாதான் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநரானார். அவர்கள் தேடியது வேதியியலை. யார் முகச் சுருக்கத்தையும் அல்ல. அது ரெட்டினாலைப் போல வேலை செய்கிறது என்ற ஆய்வு 2014-இல்தான் வந்தது. இத்தனைக்கும் இரண்டுக்கும் வேதியியல் அமைப்பில் எந்த உறவும் கிடையாது.

2019-இல் ஒரு தோல் மருத்துவ இதழில் வந்த சோதனையைத்தான் எல்லாக் கம்பெனியும் காட்டுகிறது. 44 பேர், 12 வாரம். ஒரு பாதிக்கு பாகுச்சியால் அரை சதவீதம், தினம் இரண்டு வேளை. மறு பாதிக்கு ரெட்டினால் அதே அரை சதவீதம், ஒரு வேளை. சுருக்கமும் கரும்புள்ளியும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலக் குறைந்தன. எரிச்சலும் செதில் உரிதலும் ரெட்டினால் பக்கம் அதிகம். நல்ல செய்திதான். ஆனால் 44 பேர் என்பது எங்கள் தெரு வளைகாப்புக்கு வருகிற கூட்டம். அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது. சாது என்று பேரெடுத்த இதுவும் ஒத்துக்கொள்ளாமல் தோல் தடித்தவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ரெட்டினால் வேண்டாம் என்கிறார்கள். அதற்காக இதைத் தைரியமாகப் பூசலாம் என்று சொல்லவும் போதுமான ஆராய்ச்சி இல்லை.

பெரியப்பா மகன் படிக்காமல் விட்ட பக்கம் வேறு ஒன்று. கார்போகரிசியில் பாகுச்சியால் தனியாகக் குடியிருக்கவில்லை. சோராலென் என்று ஒரு பங்காளியும் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், வெயிலின் வேகம் பல மடங்காகத் தெரியும். சிவந்து, கொப்பளித்து, கடைசியில் கறுத்துவிடும். வெண்குட்டத்துக்கு நம் வைத்தியர்கள் இந்த விதையைக் கொடுத்துவந்ததன் சூட்சுமமே அதுதான். இன்றைய மருத்துவமனைகளில் சோராலெனும் புற ஊதாக் கதிரும் சேர்த்துத் தரும் புவா சிகிச்சையும் அதே வழிதான். தெரிந்தே, அளந்து, மருத்துவர் கண்முன்னால் செய்வது. கார்போகரிசியை அரைத்து முகத்தில் பற்றுப் போட்டுக்கொண்டு வில்லிபுத்தூர் வெயிலில் தேரடி வரைக்கும் போய்வருவது வேறு சமாச்சாரம். நல்ல பாட்டில்களில் சோராலெனை நீக்கிவிட்டுத்தான் அடைக்கிறார்கள். அந்த விலையில் ஒரு பங்கு அதற்கு.

பொடியில் ஒரு பிடி போட்டுத் தேய்த்து உடனே கழுவுவதில் அவ்வளவு ஆபத்து இல்லை என்று சொல்லியும் அம்மா முகம் மாறிவிட்டது. பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"ஆண்டாள் எந்த பாட்டிலைத் தடவுனா? அவளுக்கு என்ன அழகு குறைஞ்சுபோச்சு?"

இந்த ஊரில் இதற்கு மேல் வாதம் செய்ய ஆளில்லை. ஆனாலும் சொன்னேன்: பெருமாளுக்கு வைத்த மாலையைத் தான் போட்டுக்கொண்டு, எப்படி இருக்கிறேன் என்று கிணற்றில் எட்டிப் பார்த்தவளும் அவள்தானே. அந்தக் கண்ணாடிக் கிணற்றை இன்றைக்கும் எல்லோரும் எட்டிப் பார்க்கிறோம். திருப்பாவையில் நோன்புக்காகக் கண்ணுக்கு மை தீட்டுவதை விடுகிறார்கள் என்றால், அதற்கு முந்தின நாள் வரைக்கும் தீட்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அம்மா, "போடி, வாய்" என்றாள். ரசித்தாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பாட்டிலை விடவில்லை. முழங்கை மடிப்பில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது ராத்திரி நாலு சொட்டு, காலையில் சன்ஸ்கிரீன். நெற்றிக்கோடு இருந்த இடத்தில் இருக்கிறது. கன்னம் கொஞ்சம் மெத்தென்று இருப்பதாக எனக்குப் படுகிறது. வீட்டுக்காரருக்கு எதுவும் படவில்லை. ஆனால் பாட்டில் நான் எடுப்பதைவிட வேகமாகக் குறைகிறது, அவர் நெற்றியும் சாயங்காலங்களில் ஒரு தினுசாக மினுங்குகிறது.

அம்மா அந்த வாரமே பொடியிலிருந்து கார்போகரிசியை எடுத்துவிட்டாள். அவளிடம் வழக்கமாகப் பொடி வாங்கும் நாலு வீட்டுக்காரர்கள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "இது கார்போகரிசி சேர்க்காத பொடி. வெயிலுக்கு ஒண்ணும் பண்ணாது. சென்னையில டாக்டருங்கல்லாம் இதைத்தான் சொல்றாங்களாம்" என்று எடுத்துக் கொடுத்தாள். கால் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட்டியிருந்தாள்.