இடுப்பிருக்க பயமேன்

கைக்குழந்தையோடு விமானம் ஏறும்போது ஸ்ட்ரோலரைக் கொண்டுபோவதா, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதா என்று சென்னையில் எந்த அம்மாவும் முடிவு செய்வதில்லை. முடிவு செய்வதாக நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது மட்டும்தான் அவள் பங்கு. மாநகராட்சி எப்போதோ முடிவெடுத்துவிட்டது. விமான நிலையம் கட்டியவர்கள் எடுத்துவிட்டார்கள். விமானக் கம்பெனியின் சட்டப்பிரிவு எடுத்துவிட்டது. கடைசிக் கையெழுத்து மாமியாருடையது. தீர்ப்பு இதுதான்: பெண்ணுக்குக் கடவுள் இடுப்பு என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறான், அது தேயும்வரை சாய்தளம், லிஃப்ட், நடைபாதை என்று கட்டிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

டிக்கெட் போட்ட அன்றே வீட்டுச் சபை கூடிவிடும். "அதென்னடி வண்டி? நாங்கல்லாம் ஒண்ணை இடுப்புலயும் ஒண்ணை வயித்துலயும் வெச்சிக்கிட்டு திருச்செந்தூர் வரைக்கும் பஸ்ல போகலையா?" என்பார் பெரியம்மா. போனார், உண்மைதான். இப்போது தரையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால், "வயசாச்சுல்ல" என்று முடித்துவிடுவார். சித்தப்பாவோ விவரமானவர். "அங்க போய் ஒண்ணு வாங்கிக்கோங்க, வரும்போது போட்டுட்டு வந்துடுங்க." போட்டுவிட்டு வருகிற காசு அவருடையது இல்லையே.

வீட்டுக்காரர் நவீனமானவர். ராத்திரி முழுக்க யூடியூபில் ஒரே கையால் ஸ்ட்ரோலர் மடிக்கும் வீடியோக்களைப் பார்த்து, எக்ஸெல்லில் அட்டவணையே போட்டுவிட்டார். எடை, விலை, சக்கரத்தின் விட்டம், எல்லாம் இருக்கிறது. மடிக்கப்போகிற அந்த ஒரு கை யாருடையது என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. அவர் கை காலி இல்லை. அதில் பாஸ்போர்ட்கள் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்திலும் பாஸ்போர்ட் பிடித்துக்கொண்டு நாலடி முன்னால் நடந்து, "சீக்கிரம் வாம்மா" என்று திரும்பிப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆண்மகன் பிறந்திருக்கிறான்.

விமானக் கம்பெனிகளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தாராள மனசு. பெரும்பாலான கம்பெனிகள் ஸ்ட்ரோலரைக் காசில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு வெளிநாட்டு விமானங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள். அந்தக் காசுக்கு சீட் கிடையாது. அம்மாவின் மடிதான் சீட். என் மடிக்கு என்னிடமே வாடகை! போன ஊரில் பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பிவிட்டால் திரும்பி வரத் தனி சீட் வாங்க வேண்டும். அதற்காகவே பிறந்தநாளுக்கு முந்தின நாள் ஊர் திரும்புகிறவர்கள் உண்டு.

'கேபின் சைஸ்' என்று ஒரு மாயமான் இருக்கிறது. பெட்டியின் மேல் விமானப் படம் போட்டு விற்பார்கள். இந்த வகையில் பேர்போனது பேபிசென் யோயோ. மடித்தால் 52க்கு 44க்கு 18 சென்டிமீட்டர். எடை 6 கிலோவுக்கு மேல். நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ. வண்டியைக் கைப்பையாகக் கணக்குக் காட்டினால் டயப்பர், பால் புட்டி, மாற்றுத் துணி எல்லாம் மிச்சமிருக்கும் முக்கால் கிலோவுக்குள் அடங்க வேண்டும். கைப்பையின் அகலம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கும் கம்பெனியும் உண்டு. அங்கே போய் அட்டைப் பெட்டியில் இருந்த விமானப் படத்தைக் காட்டிப் பாருங்கள்.

சரி, நிலையத்துக்குப் போவோம். 1,260 கோடி ரூபாய் செலவில் 2023 ஏப்ரலில் பிரதமர் திறந்துவைத்த புது முனையம். கோலம், சேலை, கோயில் என்று தமிழ்ப் பண்பாட்டையே வடிவமைப்பில் கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். பொய்யில்லை. மேலே பார்த்தால் பண்பாடு. கீழே பார்த்தால் தமிழச்சி, இடுப்பில் பிள்ளையோடு. வழியனுப்ப வரும் பாட்டி தாத்தாவை டிக்கெட் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அதாவது, உதவிக்கு இருந்த இரண்டு ஜோடிக் கைகள் வெளியே, மூட்டையெல்லாம் உள்ளே. உள்நாட்டு விமானமென்றால் கவுன்டரில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். வாயில் விரலை வைத்துக்கொண்டிருக்கும் அந்த ஆசாமி வயதைக் குறைத்துச் சொல்லி ஏமாற்றிவிடக்கூடாதல்லவா?

பாதுகாப்புச் சோதனைதான் உச்சக் காட்சி. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பலவும் நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்புகின்றன. பிள்ளை அப்போதுதான் வண்டியில் கண்ணசந்திருக்கும். வண்டியை மடித்து எக்ஸ்ரேயில் போட வேண்டும். பிள்ளையைத் தூக்கு. அது வீறிடும். தோளில் அதைப் போட்டுக்கொண்டு குனிந்து, வலது பாதத்தால் பின்சக்கரத்து லாக்கை மிதித்து, கைப்பிடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கி, அதே கையால் முன்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளினால் மடியாது, ஏனென்றால் அடிக்கூடையில் பிஸ்கட் டப்பா இருக்கிறது. டப்பா உருண்டு ஓடும். பின்னால் லேப்டாப்பை ட்ரேயில் வைத்துக்கொண்டு நிற்கும் கனவான் 'ச்சு' கொட்டுவார். அந்த ஒரு 'ச்சு'வில் எத்தனை தலைமுறை வளர்ப்பு!

ஏரோபிரிட்ஜ் கிடைக்காத விமானமென்றால் பஸ். பஸ்ஸிலிருந்து இறங்கினால் படிக்கட்டு. உலகம் முழுக்க விமானக் கம்பெனிகள் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்க மறுத்துவிடும். தூக்குகிற லோடர் முதுகு போய்விடும் என்பதற்காக ஏற்பட்ட விதி. நியாயமான விதி, நூறு முறை சரி. இப்போது அம்மாவைத் தராசில் ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி இரண்டு வயதுப் பையனின் இடைநிலை எடை 12.2 கிலோ. தோள்பை 7 கிலோ. மடித்த வண்டி 6 கிலோ. மொத்தம் 25 கிலோ, அதில் பாதி காலை உதைத்து அழுதுகொண்டு. 23 கிலோ தாண்டிய பெட்டிக்கு 'கனம்' என்று ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கராவது ஒட்டுகிறார்கள். இவளுக்கு அதுவும் இல்லை. படியின் கீழே நிற்கும் பையன், "மேடம், வண்டிய இங்கயே வெச்சிடுங்க, டேக் போட்டுடறேன்" என்பான். அந்த நேரத்தில் அவன் தெய்வம்.

ஆனால் தெய்வம் நின்று கொல்லும். இறங்கியதும் கதவடியில் வண்டி இருக்காது. "பெல்ட்ல வரும் மேடம்." வண்டி தேவைப்படுவதே விமானக் கதவிலிருந்து பெல்ட் வரைக்கும் உள்ள தூரத்துக்குத்தான், இடையில் குடியேற்றச் சோதனையின் பாம்பு வரிசை வேறு. அதையெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே கடந்துவந்தால், வண்டி பெல்ட்டில் ராஜா மாதிரி சுற்றி வருகிறது.

என்னுடையது வந்தது. முன்பக்கத்து இடது சக்கரம் இல்லை. சக்கரம் இருந்த இடத்தில் முறிந்த பிளாஸ்டிக், பல் உடைந்த மாதிரி வெள்ளையாக. டேக் மட்டும் ஒரு மடிப்புக்கூட விழாமல் அப்படியே இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: "சக்கரம், கைப்பிடி, ஸ்ட்ராப் இதெல்லாம் கவர் ஆகாது மேடம். டேக் பின்னாடியே போட்டிருக்கு." சக்கரத்தையும் கைப்பிடியையும் கழித்துவிட்டால் ஸ்ட்ரோலரில் மிச்சம் என்ன? ஒரு தூளி. தூளிக்கு மட்டும் பொறுப்பேற்கும் கம்பெனியிடம் நான் எதற்கு வண்டியைக் கொடுத்தேன்?

டேக்கின் பின்னால் எறும்பு எழுத்தில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் கம்பெனி வசம் ஒப்படைத்த சாமான் உடைந்தால் கம்பெனிதான் பொறுப்பு. சாமானிலேயே முன்பே கோளாறு இருந்தால்தான் தப்பிக்கலாம் என்கிறது அதன் 17ஆவது பிரிவு. அந்தப் பொறுப்பைக் கைகழுவும் எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது 26ஆவது பிரிவு. நஷ்ட ஈட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேசக் கணக்கு அலகில் 1,519; நம் காசில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். உள்நாட்டுப் பயணத்துக்கு வரம்பு 20,000 ரூபாய். சக்கரம், கைப்பிடிக்கெல்லாம் பொறுப்பில்லை என்று தட்டிக்கழிக்காதீர்கள் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2015இலேயே கம்பெனிகளை எச்சரித்தது. இங்கே யாரும் எச்சரிப்பதாகக் காணோம். சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். ஜெட்லாக்கில் பிள்ளை ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விளையாடும் அதே ஏழு நாள். கம்பெனிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் திரும்பி, சென்னை நிலையத்துக்கு வெளியே வந்தால் டாக்சி. அதாவது, டாக்சி வாசலுக்கு வராது. நீங்கள்தான் டாக்சியிடம் போக வேண்டும். 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் ஓலாவும் ஊபரும் நிற்கும். அங்கே போய், பெட்டிகளோடு லிஃப்டுக்குக் காத்திருந்து, சரியான தளத்தையும் தூணையும் கண்டுபிடிக்க வேண்டும். பேட்டரி கார் விட்டிருக்கிறார்கள், மறுக்கவில்லை. வரிசையில் நின்று அதில் இடம் பிடிப்பதற்குள் டிரைவர் போன் செய்து, "எங்க மேடம் இருக்கீங்க? வெயிட்டிங் சார்ஜ் ஆகும்" என்பார். மெட்ரோவில் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, வண்டி உருளுகிறது. அந்த லிஃப்ட் உங்களை மேலே கொண்டுவந்து எங்கே விடுகிறது? சென்னை நடைபாதையில்.

நடைபாதைக்கு விதிகள் இல்லையென்று யார் சொன்னது? நடப்பதற்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்றது இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமே போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் என்று 2014இல் கொள்கை அறிவித்தது சென்னை மாநகராட்சி. நாட்டுக்கே முன்னோடி என்று பாராட்டு வாங்கிய கொள்கை. அந்தக் கொள்கையின் மேல் இப்போது ஓர் ஈ.பி. பாக்ஸ், கட்சிக் கொடிக்கம்பம், பாதி திறந்த வடிகால் மூடி, அதன் பக்கத்தில் ஒரு புல்லட். இஸ்திரி வண்டி வைத்துப் பிழைக்கும் மனிதரை விரட்ட லாரியோடு ஆள் வருவார்கள். புல்லட்டின் மேல் ஒரு விரல்கூடப் படாது. பாண்டி பஜாரில் 2019இல் போட்ட அகல நடைபாதையில் ஸ்ட்ரோலரைத் தள்ளலாம். வீட்டிலிருந்து பாண்டி பஜார் வரை எப்படித் தள்ளுவது என்பது தனிக் கேள்வி.

இந்த ஊரில் சக்கரத்தின் மேல் கொஞ்சமாவது கருணை பிறந்திருந்தால், அது அதிகாரிகளின் தாராளத்தால் பிறந்ததில்லை. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் உயர் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டிய பிறகே தாழ்தளப் பேருந்துகள் திரும்ப வந்தன. அவர்கள் வாங்கிக்கொடுத்த சாய்தளத்தில்தான் நம் ஸ்ட்ரோலர் ஏறுகிறது, நன்றி சொல்லாமல். சென்னையைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: சிங்கப்பூரில் 2017 முதல் ஸ்ட்ரோலரை மடிக்காமல், பிள்ளை அதிலேயே உட்கார்ந்திருக்க, பஸ்ஸில் ஏற்றலாம். சாங்கி விமான நிலையத்தில் இரவல் ஸ்ட்ரோலரே இலவசமாகத் தருகிறார்கள். அங்கேயும் பெண்களுக்கு இடுப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஆகவே கொண்டுபோங்கள். விலை குறைந்ததாக, கனமில்லாததாக ஒன்று. டேக் கட்டும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், அந்தப் பையன் கண் முன்னாலேயே. உடைந்து வந்தால் புகார்ப் படிவத்தைக் கையில் வாங்காமல் பெல்ட்டை விட்டு நகராதீர்கள். 'கவர் ஆகாது' என்றால் அதையே எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மரியாதை எங்கே போகிறது என்று பார்க்கலாம். வண்டியை எக்ஸ்ரேயில் போடச் சொன்னால் ஒரே கையில் வித்தை காட்டாதீர்கள். வரிசையின் நட்டநடுவில் நிறுத்துங்கள். பாஸ்போர்ட்டுகளை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை அதன் அப்பா தோளில் போடுங்கள். இரண்டு கைகளாலும், பிஸ்கட் டப்பாவை எடுத்துவைத்து, நிதானமாக மடியுங்கள். பின்னால் இருக்கும் கனவான் 'ச்சு' கொட்டினால், "சார், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று பிஸ்கட் டப்பாவை அவர் கையில் கொடுங்கள்.