கௌபாய் தொடர்களில் வழுவும் வழுவமைதியும்

பழைய அமெரிக்கக் கௌபாய் தொலைக்காட்சித் தொடர்களில் பிழைகளைக் கண்டுபிடித்து, வகைப்படுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உடனுக்குடன் அறிவிக்கும் துறை வழுவியல் எனப்படும். இதற்கு வேண்டியவை மூன்று: ஒரு நாற்காலி, படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வசதி, கதையில் சற்றும் அக்கறையின்மை. மூன்றாவது வாய்க்கப்பெறாதவர் இத்துறையில் தேறுவது அரிது. நாயகன் குண்டடிபட்டுச் சாகக் கிடக்கும்போது அவன் கால்சட்டையில் பெல்ட் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பவரே வழுவியலார்.

ஆய்வுக்குரிய காலம், 1949இல் ‘தி லோன் ரேஞ்சர்’ தொடங்கியது முதல் 1975இல் ‘கன்ஸ்மோக்’ முடிந்தது வரை. கன்ஸ்மோக் மட்டுமே 635 அத்தியாயங்கள். ‘பொனான்ஸா’ 14 பருவங்கள் ஓடியது. 1959 வாக்கில் அமெரிக்க மாலை நேர ஒளிபரப்பில் 25க்கு மேற்பட்ட கௌபாய் தொடர்கள் ஒரே சமயத்தில் ஓடின. விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களில் ஓர் அத்தியாயத்தை எடுத்து முடித்தால் பிழை விளையாமல் வேறென்ன விளையும்? அன்று பார்த்தவர்களுக்கு அவை தெரியவில்லை என்பது வேறு விஷயம். படம் பிடித்தது பெரும்பாலும் 35 மி.மீ. சுருளில், வீட்டில் பார்த்தது 525 வரிப் பெட்டியில். சுருள் கண்டதில் பெரும்பகுதியைப் பெட்டி காட்டவே இல்லை. பிற்காலத்தில் அதே சுருள்களைத் துப்புரவாக்கிக் குறுந்தகட்டில் ஏற்றியபோதுதான் நாயகியின் முதுகில் ஓடும் ஜிப் வெளியே வந்தது. வழுவியலின் பொற்காலமும் அப்போதுதான் தொடங்கியது.

தமிழ் இலக்கணிகள் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகப் பகுத்தனர். அமெரிக்க ஆய்வாளர்களுக்கு இப்பகுப்பு தெரியாததால் அவர்கள் பட்டியல்கள் கலைந்து கிடக்கின்றன. பாறை உச்சியில் உயர்திணையாக நின்ற கொள்ளைக்காரன், உருண்டு விழும்போது பாதி வழியில் பஞ்சடைத்த பொம்மையாகி அஃறிணையாவது திணைவழு. குதிரையிலிருந்து சரியும் இளம்பெண் தரையைத் தொடுவதற்குள் தோள் அகன்ற சண்டைக் கலைஞராக மாறி, பொய்முடி ஒருபுறமாக நகர்ந்திருப்பது பால்வழு. வினாவழு, விடைவழு இரண்டும் இத்தொடர்களில் அருகியே வரும். கேள்வி முடிவதற்குள் துப்பாக்கி பதில் சொல்லிவிடுகிறது. எஞ்சிய மூன்றுமே விளைநிலம்.

காலவழுவில் தலையாயது துப்பாக்கி. வின்செஸ்டர் 1892 என்னும் நெம்புகோல் துப்பாக்கியின் பெயரிலேயே அது பிறந்த ஆண்டு இருக்கிறது. இதைவிட வசதியான தடயம் எந்தத் துறையிலும் எந்த ஆய்வாளருக்கும் கிடைத்ததில்லை. ‘தி ரைஃபிள்மேன்’ தொடரின் லூகாஸ் மெக்கேன் 1880களின் நியூ மெக்சிகோவில் வாழ்பவர், கையில் 1892. ‘வாண்டட்: டெட் ஆர் அலைவ்’ தொடரில் ஸ்டீவ் மக்வீன் 1870களில் அலைபவர், அவர் இடுப்பில் தொங்குவது பின்கட்டையும் குழலும் அறுக்கப்பட்ட 1892. அறுத்ததால் துப்பாக்கி குட்டையாயிற்றே தவிர, வயது குறையவில்லை. பொனான்ஸாவில் கார்ட்ரைட் குடும்பத்தார் 1860களில் 1873ஆம் ஆண்டுக் கோல்ட் ரிவால்வரை உருவுகிறார்கள். 1860ஆம் ஆண்டின் ஹென்றி துப்பாக்கி கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருந்தது: அதே 1892இன் குழலடி மரத்தைக் கழற்றிவிட்டு, உடல் பகுதிக்குப் பித்தளை நிறம் பூசிவிடுவது.

காரணம் அறியாமை மட்டுமன்று. ஸ்டெம்பிரிட்ஜ் போன்ற துப்பாக்கி வாடகை நிறுவனங்களிடம் 1892 ஏராளமாக இருந்தது, உழைக்கும், மலிவு. அதற்குமேல் ‘ஃபைவ்-இன்-ஒன்’ என்ற ஒரே வகை வெற்றுத் தோட்டாவை அந்தத் துப்பாக்கியிலும் போடலாம், கோல்ட் ரிவால்வரிலும் போடலாம். உண்மையான பழைய துப்பாக்கிகளைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றுக்கும் தனித் தோட்டா செய்வது எந்தக் கணக்காளருக்கும் உவப்பாயிராது. வழுவியல் நூல்கள் வரலாற்றாசிரியனைப் பழிக்கும் இடங்களில் பெரும்பாலும் பழிக்க வேண்டியது கணக்குப்பிள்ளையை.

வெடிப்புகையும் காலவழுவே. புகையற்ற வெடிமருந்து 1880களின் நடுவில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் எரிந்த கருமருந்து, வேட்டுக்கு ஒரு வெள்ளை மேகத்தை விட்டுச்செல்லும். மதுக்கூடத்துக்குள் ஆறு பேர் ஆளுக்கு ஆறு முறை சுட்டால் யார் விழுந்தார், யார் நிற்கிறார் என்று சுட்டவர்களுக்கே தெரியாது. இந்த ஒன்றில் மட்டும் உண்மையைக் காட்டியிருந்தால் தொடரே தெரிந்திருக்காது. தயாரிப்பாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. தொடையில் தாழ்ந்து தொங்கி, வாரால் காலோடு கட்டப்பட்ட துப்பாக்கி உறையும் ஹாலிவுட்டின் சொத்துதான். உள்ளே உலோகத் தகடு வைத்து மின்னல் வேகத்தில் உருவ ஏற்றதாக அதை 1950களில் செம்மைப்படுத்தியவர் ஆர்வோ ஓஜாலா. கன்ஸ்மோக் தொடக்கக் காட்சியில் மார்ஷல் மாட் டில்லனை எதிர்த்து நின்று சுடப்படுபவரும் அவரே. வேகமாக உருவக் கற்றுத்தந்தவர் ஆண்டுக்கணக்கில் வாராவாரம் தோற்றார்.

உடையில் கண் வைப்போருக்கு மூன்று ஆண்டுகள் மனப்பாடமாயிருந்தால் போதும். செம்புத் தறையாணி அடித்த ஜீன்ஸுக்குக் காப்புரிமை 1873இல். லீவைஸ் ஜீன்ஸில் பெல்ட் வளையம் 1922இல், அதுவரை தோள்வார்தான். ஜிப் என்ற பெயர் பரவியது 1923க்குப் பிறகு. இவற்றுள் முதலாவதில் ஒரு சுவை உண்டு. தறையாணி அடித்த கால்சட்டையை முதன்முதலில் தைத்தவர் ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ். பொனான்ஸா பண்ணை இருப்பதாகச் சொல்லப்படும் அதே நெவாடா வட்டாரம். கார்ட்ரைட் சகோதரர்கள் சரியான ஊரில்தான் வாங்கியிருக்கிறார்கள். சில ஆண்டு முந்திப் போய்விட்டார்கள்.

கொடி இன்னும் எளிது, எண்ணத் தெரிந்தால் போதும். அமெரிக்கக் கொடியில் 1867 முதல் 1877 வரை 37 நட்சத்திரங்கள், பிறகு 1890 வரை 38. படப்பிடிப்புக் கிடங்கில் இருந்ததோ 1912க்குப் பிந்திய 48 நட்சத்திரக் கொடி: எட்டெட்டாக ஆறு வரிசை. காற்று அடிக்காவிட்டால் தப்பிக்கலாம். கொடி விரிந்து நின்றால் கோட்டை முழுவதும் மாட்டிக்கொள்ளும். ரயிலில் வழு தேடுவோர் புகைபோக்கியைப் பார்க்காமல் பெட்டிகளை இணைக்கும் கொக்கியைப் பார்க்க வேண்டும். 1860களில் இருந்தது வளையமும் ஆணியும். கைவிரல் மடங்கியது போன்ற இணைப்பியின் காப்புரிமை 1873, அதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893. கலிபோர்னியாவின் சியரா ரயில்வே எண் 3 இயந்திரம் 1891இல் செய்யப்பட்டது. அது கௌபாய் திரைக்கதைகளில் ஓடாத பத்தாண்டு இல்லை. ஆறு குண்டுத் துப்பாக்கியில் எட்டாவது வேட்டு என்பது எல்லாரும் அறிந்த பாலபாடம், விரிக்க வேண்டியதில்லை.

இடவழுவுக்கு வருவோம். இலக்கணத்தில் இடம் என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை. இங்கே மலை, மரம், பாறை. கன்ஸ்மோக் நடப்பது கான்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில். டில்லனுக்குப் பின்னால் அவ்வப்போது மலைத்தொடர் எழும்புகிறது. கான்சஸின் மிக உயர்ந்த இடம் மவுண்ட் சன்ஃபிளவர், 1,231 மீட்டர். கொலராடோ எல்லை அருகே மேய்ச்சல் வெளியில் மெல்ல ஏறும் ஒரு மேடு. ‘மவுண்ட்’ என்று பெயர் வைத்ததே ஒரு வழு எனலாம், ஆனால் அது தொலைக்காட்சியின் குற்றமன்று. திரையில் தெரிவது கலிபோர்னிய மலை. கைகளை உயர்த்திய ஆள்போல் நிற்கும் சகுவாரோ கள்ளி சோனோரப் பாலையில்தான், அதாவது பெரும்பாலும் அரிசோனாவிலும் மெக்சிகோவின் சோனோராவிலும் இயல்பாக வளரும். டெக்சாஸ் கதை என்று சொல்லிவிட்டு ஒரு சகுவாரோவைக் காட்டினால் வழுவியலார் துள்ளி எழுவார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1850களில் கலிபோர்னியாவுக்கு வந்த யூகலிப்டஸ், எந்த மாநிலத்துக் கதையானாலும் ஓரத்தில் நிற்கும்.

லாஸ் ஏஞ்சலஸின் வடமேற்கு ஓரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருந்த ஐவர்சன் பண்ணை இப்பிரிவில் தனி அத்தியாயம் பெறத் தக்கது. லோன் ரேஞ்சர் தன் வெள்ளைக் குதிரையை முன்னங்கால் தூக்க வைக்கும் பாறை அங்கேதான் இருக்கிறது. அவர் பெயரையே அது பெற்றுவிட்டது. அந்தப் பண்ணையின் பாறைகள் எண்ணற்ற படங்களிலும் தொடர்களிலும் வந்தவை. தேர்ந்த ஆய்வாளர் ஒருவர் நடிகரின் பெயரை மறந்தாலும் பாறையின் முகத்தை மறப்பதில்லை. துரத்துபவனும் துரத்தப்படுபவனும் ஒரே பாறையை மூன்று முறை கடப்பது இடவழு, காலவழு இரண்டும் கூடியது.

மரபுவழுவே கனமானது, அதைத்தான் குறைவாகக் கவனிக்கிறார்கள். சமவெளிப் பழங்குடிகளின் கழுகிறகுத் தலையணியைத் திரையில் எல்லாப் பழங்குடியும் அணிகிறது. அப்பாச்சிக்கும் அதே இறகு. மேற்கே குடியேறிய வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் எருதுகள். ஆட்கள் வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நடந்தார்கள், நாளொன்றுக்குச் சுமார் 24 கி.மீ. ‘வேகன் டிரெய்ன்’ தொடரில் எருது நடையில் ஒரு மணி நேரத்தை நிரப்ப முடியாது என்பதால் குதிரை பூட்டினார்கள். தெருவின் இரு முனையில் நின்று ஒற்றைக்கு ஒற்றை சுடுவது உண்மையில் அரிது. 1865 ஜூலை 21இல் மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்டு பில் ஹிக்காக், டேவிஸ் டட்டைச் சுமார் 70 மீட்டர் தொலைவில் சுட்டது போன்ற சில நிகழ்ச்சிகளை வைத்தே இவ்வளவு தெருக்களும் எழுப்பப்பட்டன. டாட்ஜ் சிட்டியில் ஊருக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடையே இருந்தது. கௌபாய்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. 1875இல் துணை மார்ஷலாக நியமனம் பெற்ற பாஸ் ரீவ்ஸ் கறுப்பினத்தவர்தான். திரையில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஜிப்பைக் கண்டு கூவிய வழுவியலாரில் பலர் இதைக் கண்டு கூவவில்லை. ஜிப் இருப்பது கண்ணில் படும். ஆள் இல்லாதது படாது.

வழு அல்லாததை வழுவென்று மயங்குவது போலிவழு. தேர்ச்சி பெற்றவர்களையும் இது கவிழ்க்கும். பழங்குடி வேடமிட்ட நடிகரின் தோளில் அம்மைத் தழும்பைக் கண்டதும் குற்றப்பத்திரிகை எழுதுவது வழக்கம். ஆனால் பழங்குடியினருக்கு அம்மை குத்துவதற்கென்றே 1832இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தழும்பு மட்டுமே சாட்சியாகாது. டெக்சாஸ் பாலையில் ஒட்டகம் வந்தாலும் பதற வேண்டாம், 1856இல் அமெரிக்க ராணுவமே ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கியது.

போலிவழுக்களில் முதன்மையானது பின்னோக்கிச் சுழலும் சக்கரம். கோச்சு வண்டி முன்னே பாய, சக்கரம் பின்னே சுற்றும். படக்கருவி நொடிக்கு 24 சட்டங்கள் எடுக்கிறது. அடுத்த சட்டத்துக்குள் ஒவ்வோர் ஆரக்காலும் முந்தைய காலின் இடத்துக்கு வந்துவிட்டால் சக்கரம் நின்றது போலிருக்கும், சற்றே குறைவாக வந்தால் பின்னோக்கிச் சுற்றும். 1.4 மீட்டர் விட்டமும் 14 ஆரக்காலும் உடைய சக்கரம் மணிக்கு ஏறத்தாழ 27 கி.மீ. வேகத்தில் நின்றதுபோல் தெரியும். ஆக, பிழையென்று எண்ணியது ஒரு வேகமானி. அதைக்கொண்டு உண்மைப் பிழையைப் பிடிக்கலாம்: 1858இல் தொடங்கிய பட்டர்ஃபீல்டு அஞ்சல் வண்டிகள் சுமார் 4,500 கி.மீ. தொலைவை 25 நாளில் கடக்க ஒப்பந்தம். இரவு பகல் ஓடினாலும் சராசரி மணிக்கு 7.5 கி.மீ. சக்கரம் மெல்லப் பின்னோக்கிச் சுற்றும் வண்டி மூன்று மடங்குக்கு மேல் விரைகிறது. குதிரைகளின் கதியை எந்த அத்தியாயமும் சொல்லவில்லை.

வழுவென்று தெரிந்தும் காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பொனான்ஸாவில் தந்தையும் மக்களும் ஆண்டுக்கணக்கில் அதே உடையில் வந்ததற்குக் காரணம் வறுமையன்று. பழைய காட்சித் துண்டுகளைப் புதிய அத்தியாயத்தில் ஒட்டுவதற்கு அது உதவியது. தந்தையாக நடித்த லோர்ன் கிரீன் 1915இல் பிறந்தவர், மூத்த மகன் ஆடமாக நடித்த பெர்னெல் ராபர்ட்ஸ் 1928. நரையும் குரலும் பதின்மூன்று வயது வேறுபாட்டைத் தலைமுறை வேறுபாடாக்கிவிட்டன, அமைத்துக்கொள்ளலாம். மக்வீனின் பெல்ட்டில் வரிசையாக நின்ற பெரிய தோட்டாக்கள் அவர் துப்பாக்கியில் நுழையவே நுழையாதவை. பார்க்க மிடுக்காக இருந்ததால் வைத்தார்கள். இதை அமைப்பதா கடிவதா என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு.

வழுவமைதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பொனான்ஸாவின் தொடக்கத்தில் வரும் பண்ணை வரைபடம். ஓவியர் ராபர்ட் டெம்பிள் ஏயர்ஸ் வரைந்ததில் ரீனோ நகரம் கார்சன் சிட்டிக்கு மேற்கே போய் விழுந்தது. உண்மையில் அது வடக்கே இருக்கிறது. தவறு சுட்டிக்காட்டப்பட்டபோது ஏயர்ஸ் ஊர்களைத் தொடவில்லை. வடக்கு முனையைச் சாய்த்துத் திசைகாட்டியை வரைந்தார். வடக்கு நகர, ரீனோ சரியாயிற்று. ஆனால் ரீனோ 1868இல்தான் உருவான ஊர். 1860களின் தொடக்கத்துப் பண்ணையின் படத்தில் அதற்கு இடமே இல்லை. இதைத் திசைகாட்டியால் சரிக்கட்ட முடியாது. தயாரிப்பாளர்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: வாராவாரம் தொடக்க இசையோடு வரைபடத்தை எரித்துவிட்டார்கள்.