ஆறு மணிக்கே அடங்கும் இல்லம்

எங்கள் பெரியம்மா இருக்கும் முதியோர் இல்லத்தின் பெயரை எழுதப்போவதில்லை. விளம்பரம் பிடிக்காத இடம். வாசலில் பதிவு எண்ணைக்கூடப் போட்டுக்கொள்ளாத அடக்கம். விழுப்புரம் மாவட்டத்து வல்லத்திலிருந்து பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அங்குள்ள சமத்துவத்தைச் சொல்ல வேண்டும். வெளியேதான் சர்க்கரைக்காரர், பிரஷர்காரர், வலிப்புக்காரர் என்ற பேதமெல்லாம். உள்ளே எல்லாருக்கும் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டில். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி அதில் கொட்டி வைத்திருக்கிறார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அட்டையோடு குப்பைக்குப் போய்விடுவதால், அந்த வீட்டில் மூப்படையாதது மருந்து ஒன்றுதான். ஆயா கையை விட்டு அள்ளி, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் நகத்தால் கிள்ளிய பாதி என்று எவர்சில்வர் தட்டில் எடுத்து வருவார்.

இந்த நைவேத்தியம் மாலை ஆறு மணிக்கு. ஆறரைக்கு டிவியில் சீரியல் தொடங்கும்போது ஒரு இருமல் சத்தம் கேட்காது.

"ராத்திரி ஒன்பது மணிக்குன்னுதானே டாக்டர் எழுதியிருந்தார்?" என்று கேட்டேன்.

"சீக்கிரம் தூங்கினா உடம்புக்கு நல்லதுதானேம்மா? பெரியம்மா இப்ப கொழந்த மாதிரி ஆயிட்டாங்க."

உண்மைதான். சேர்த்த புதிதில் என்னோடு மல்லுக்கு நின்றவர், இப்போது வாயோரம் எச்சில் வழிய, கை நடுங்க, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மறதிநோய் வந்த முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் சாவு கூடுகிறதென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வைத்தது. பயந்த சுபாவம். இங்கே அட்டையே இல்லை, எச்சரிக்கையை எங்கே அச்சிடுவது?

பதிவேட்டின் முன்யோசனை தனி அழகு. நான் போனது 12ஆம் தேதி. 20ஆம் தேதி வரை டிக் போட்டு முடித்திருந்தார்கள். போன மாதம் கருமகாரியம் முடிந்த நான்காம் கட்டில் தாத்தாவும் வேளை தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். அல்பிரசோலம் மாதிரி மாத்திரையை விற்கும் கடைக்காரர்தான் பாவம். எழுதிக் கொடுத்த டாக்டர், வாங்கியவர், எண்ணிக்கை என்று தனிப் பதிவேடு எழுதி மூன்று வருடம் காக்க வேண்டும். 2014 முதல் அப்படி ஒரு விதி. அதே மாத்திரை இல்லத்தின் கேட்டைத் தாண்டியதும் கணக்கு வழக்கிலிருந்து முக்தி பெற்றுவிடுகிறது.

அதிகாரிகளின் பண்பையும் சொல்ல வேண்டும். செஞ்சிக் கோட்டைக்குள் நுழைய முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தது. நம் ஆய்வாளர்களுக்கு அந்த முரட்டுத்தனம் கிடையாது. முன்கூட்டியே போன் போட்டு, இளநீர் வெட்டும் நேரத்துக்கு வந்து, துவைத்த பெட்ஷீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதே மாவட்டத்தில் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமத்தில் 140க்கும் மேற்பட்டோர் உரிய அனுமதி இல்லாமல் தங்கவைக்கப்பட்டிருந்தது 2023 பிப்ரவரியில் வெளியே வந்தது. அதற்கும் ஆய்வு காரணமில்லை. காணாமல்போன ஒரு முதியவரைத் தேடி உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்குதான். பிறர் வீட்டு விவகாரத்தில் தலையிடாத நாகரிகம் என்றால் இதுதான்.

ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை பிடித்த தீயில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியே கூடாது என்றது. எங்கள் இல்லம் சட்டத்தை மதிப்பது. ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும்போது இரும்பு எதற்கு?

கிளம்பும்போது வார்டன் இன்னொரு நோட்டை நீட்டினார். உறவினர் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்ததற்கான கையெழுத்து, மாதத்துக்கு ஒன்று.

"மூணு மாசத்துக்கும் சேத்துப் போட்டுடுங்கம்மா. அடிக்கடி வந்து அலைய வேணாம் பாருங்க."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போட்டேன்.