டயர் வைத்த பாக்கி

கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை. வீட்டுக்கு ஒருவராவது சபுரில், அதாவது வெளிநாட்டில், இருப்பார். அவர் ஊர் வந்து பெட்டி திறக்கிற அன்று கைலி, கோடாலித் தைலம், சாக்லேட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் பெட்டி திறந்தபோது இரண்டு சைக்கிள் டயர் வந்தது. சொந்தக்காரர்கள் சீக்கிரமே எழுந்து போய்விட்டார்கள்.

கேட்டது நான்தான். "அத்தா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று மகன் போனில் கேட்டபோது, அவன் தாயார் பக்கத்தில் நின்று நெற்றியில் தேய்த்துக் காட்டி, தைலம், தைலம் என்று ஜாடை செய்தாள். நான் "டூரிங் டயர் ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக ஒரே அறையில் நின்றவன். ஓய்வு பெற்றதும் சைக்கிளில் உலகம் சுற்றுவதென்று தீர்மானித்திருந்தேன். என் உலகத்துக்கு எல்லைகள் மூன்று: மன்னார்குடி, கொரடாச்சேரி, திருவாரூர்.

கலைந்து போகாமல் மிச்சமிருந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு டயரின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னேன். 1880களின் கடைசியில் பெல்ஃபாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், தன் பையன் மூன்று சக்கர வண்டியில் குலுங்குகிறானே என்று ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டிவிட்டார். அங்கே மகனுக்காகத் தகப்பன் செய்தது. இங்கே தகப்பனுக்காக மகன் வாங்கியது. அதோடு விட்டேனா? 1877இல் சிங்கப்பூர் வந்து இறங்கிய 22 ரப்பர் கன்றுகளைச் சொன்னேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போய்ப் பால்மரம் வெட்டிய நம் பக்கத்து ஜனங்களைச் சொன்னேன். "ஆக, இந்த டயருக்குள் நம் ரத்தமும் இருக்கிறது" என்று முடித்தேன்.

"தைலம் வந்திருந்தா, இதைக் கேட்ட தலைவலிக்காவது ஆயிருக்கும்" என்றாள் வீட்டுக்காரி.

மறுநாள் டயர்களைத் தோளில் மாட்டிக்கொண்டு லெட்சுமாங்குடி சைக்கிள் கடைக்குப் போனேன். என்னிடம் இருந்தது பழைய கறுப்பு சைக்கிள். அதன் டயரில் 28 x 1½ என்று போட்டிருக்கும். மகன் வாங்கி வந்ததில் 28 x 1.50 என்று போட்டிருந்தது. ஒன்றரையும் ஒன்று புள்ளி ஐந்தும் ஒன்றுதான் என்று முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒத்துக்கொள்ளாதவனை முட்டி போட வைத்தவன்.

கடைக்காரத் தம்பி அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். டயர் ரிம்மில் ஏறவே இல்லை. "சைஸ் சின்னது சார்" என்றார். இருக்கவே முடியாது என்று கரும்பலகை இல்லாத குறையாக வாதாடினேன். பிறகுதான் டயரின் ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னொரு கணக்கு இருப்பதைக் கவனித்தோம். பழையதில் 40-635. புதியதில் 40-622. முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காருகிற வட்டத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். சைக்கிள் உலகத்தில் ஒன்றரைக்கும் ஒன்று புள்ளி ஐந்துக்கும் நடுவில் 13 மில்லிமீட்டர் பள்ளம் இருக்கிறது. டயர் வாங்குகிறவர்கள் பெரிய எழுத்தை விட்டுவிட்டு இந்தப் பொடி எழுத்தைப் பார்க்க வேண்டும். நான் முட்டி போட வைத்த பிள்ளைகளில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தானாம். நான் அங்குசம் கிடைத்துவிட்டதே என்று யானை வாங்கினேன். தஞ்சாவூர் போய், 622 ரிம் போட்ட கியர் சைக்கிள் ஒன்றை, டயருக்குப் பொருத்தமாக எடுத்து வந்தேன். அதில் ஏற்கெனவே இரண்டு நல்ல டயர் இருந்தது என்பதை வீட்டுக்காரி மட்டும்தான் சுட்டிக்காட்டினாள். அந்த இரண்டையும் பாதி விலைக்குக் கடையிலேயே தள்ளிவிட்டு வந்திருந்தேன்.

அதன்பின் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் மன்னார்குடியில் ஒரு டீ, வெயில் ஏறுவதற்குள் வீடு. எவ்வளவு தூரம் ஓடியது என்று எண்பது பக்க நோட்டில் தினமும் எழுதிவைத்தேன். நல்ல டூரிங் டயர் 6,000 முதல் 12,000 கிலோமீட்டர் வரை ஓடும் என்பார்கள். பாரம், சாலை, காற்று, வெயில் எல்லாம் பொறுத்தது என்றும் சேர்த்துச் சொல்வார்கள். நான் 12,000த்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நோட்டின் முதல் பக்கத்தில் '12,000' என்று எழுதி, ஓடியதைக் கழித்துக்கொண்டே வந்தேன். மீதி இருப்பது டயர் எனக்குத் தரவேண்டிய பாக்கி.

9,000 தாண்டியபோது பின் டயரின் நடுப்பகுதி தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிட்டது. பட்டன் எல்லாம் போய் மொட்டை. எப்போதும் பின் டயர்தான் முதலில் தேயும். உடம்பின் பாரத்தில் பாதிக்கு மேல் அதன் தலையில், மிதிக்கிற வேகமும் அதன் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. "வழுக்கி விழப்போறீங்க" என்றாள் வீட்டுக்காரி. அதற்குப் பதில் என் கையில் தயாராக இருந்தது. கார் டயருக்குத்தான் மழைத் தண்ணீரை வெளியேற்றக் கோடுகள் வேண்டும். சைக்கிள் டயர் ஒல்லி, உருண்டை. தார் ரோட்டில் தண்ணீரைத் தானே பிளந்துகொண்டு போய்விடும். மொட்டையாக இருக்கிறது என்பதற்காகவே வழுக்கிவிடாது. இது உண்மையான உண்மை. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு தப்புச் செய்கிற சுகம் தனி. கோடு போனதா என்பது கேள்வியில்லை, டயருக்குள் இருக்கிற நூலுக்கு மேலே எவ்வளவு ரப்பர் பாக்கி என்பதுதான் கேள்வி. அந்தப் பாதியை நான் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்து விலாவில் வெடிப்பு. சித்திரையில் தண்ணீர் இல்லாத வயல் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்குமே, அதையே சிறியதாக்கி டயரில் பதித்தது மாதிரி. காற்றுக் குறைவாக வைத்து ஓட்டினாலும் வெயிலில் நிறுத்தினாலும் இப்படி ஆகும். நான் இரண்டையும் தவறாமல் செய்து வந்தேன். நோட்டில் 'லேசான கீறல்' என்று குறித்தேன்.

அப்புறம் பஞ்சர். ஒரு மாதத்தில் நாலு. கருவேல முள்ளைத் திட்டினேன். சாலை போட்டவர்களைத் திட்டினேன். கடைக்காரத் தம்பி ஒட்டுப் போட்டுக்கொண்டே அவருடைய சாஸ்திரத்தைச் சொன்னார்: "ஒரு பஞ்சர்னா முள்ளு குத்தம் சார். மாசத்துல மூணு தாண்டுனா டயரு குத்தம்." டயரைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க, நூலு தெரியுது."

நான் குனிந்து பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடியின் இடது காது உடைந்து, கறுப்பு நூல் சுற்றி வைத்திருந்தேன். குனிந்தால் அது ஒரு பக்கம் சாயும். "எனக்கொண்ணும் தெரியலையே" என்றேன். அது பொய்யில்லை.

தெரியாவிட்டாலும் ஒரு ஏற்பாடு செய்துவிடலாம் என்று, பின் டயரை முன்னால் போட்டு முன் டயரைப் பின்னால் போடச் சொன்னேன். தேய்ந்ததற்குப் பாரம் குறையும், பாக்கி வசூலாகும். தம்பி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "பின்னாடி வெடிச்சா சைக்கிள் ஆடும், இறங்கிக்கலாம். முன்னாடி வெடிச்சா நம்மளைத்தான் தூக்கிப் போடும். நல்ல டயரு எப்பவும் முன்னாடி சார். புதுசு வாங்கி முன்னாடி போடுங்க, முன்னாடி இருக்குறதப் பின்னாடி மாத்துங்க, இதத் தூக்கிப் போடுங்க." மூன்றே வரியில் பாடம் முடிந்தது. நானாக இருந்தால் ஒரு பீரியடு எடுத்திருப்பேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? நோட்டில் 2,640 கிலோமீட்டர் பாக்கி இருந்தது.

பங்குனியில் வடபாதிமங்கலம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். அறுத்த வயலில் விளைந்த உளுந்தைச் செடியோடு பிடுங்கிவந்து ரோட்டில் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டி வருகிற வண்டி ஏறினால் காய் உடையும், கூலி மிச்சம். நானும் என் பங்குக்கு ஏறினேன். அடியில் கிடந்த ஜல்லி என் கண்ணில் படவில்லை. கல்யாண ஊர்வலத்தில் வைக்கிற வெடி மாதிரி ஒரு சத்தம். வயலில் நின்ற கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின. உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "யாரு வீட்டுக் கல்யாணம், வாத்தியாரே?" என்றாள்.

டயரில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை. இப்போது நூல் எனக்கும் தெரிந்தது. பையில் வேறு டியூப் இருந்தது, ஆனால் காற்றடித்தால் ஓட்டை வழியே பிதுங்கிக்கொண்டு வரும். உலகம் சுற்றுகிற சைக்கிள்காரர்கள் இந்த மாதிரி சமயத்தில் பணத்தாளை மடித்து டயரின் உள்பக்கம் வைத்து மறைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். பர்ஸைத் திறந்தேன். ஒரு பத்து ரூபாய் இருந்தது. நம்முடைய நோட்டு பருத்தித் தாள், அதுவும் பல கை பட்டுத் துவண்டு கிடந்தது. அதன் பின்னால், மகன் போகும்போது "சும்மா வச்சுக்குங்க அத்தா" என்று கொடுத்த பத்து வெள்ளி. சிங்கப்பூர் நோட்டு பிளாஸ்டிக், எளிதில் கிழியாது. அந்த நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் பின் இசாக்கின் படம் போட்டது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரை நாலாக மடித்தேன்.

ஊர் வரைக்கும் தாங்கியது. டயருக்குள் அறுநூறு ரூபாய்க்கு மேல் சுற்றிக்கொண்டிருக்க, டயர் வாங்கக் கணக்குப் பார்த்தவன் அதன் மேல் உட்கார்ந்து மிதித்து வந்தேன். சைக்கிளைக் கடையில் விட்டேன். ஒரே ஒரு டயர், 40-622 என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்து, தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தோம். புதுசு முன்னால், முன்னால் இருந்தது பின்னால், பாடப்படி.

நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பி சைக்கிளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். கூடவே, மடித்த நோட்டையும். "டயருக்குள்ள இருந்துச்சும்மா. சார் ஒளிச்சு வச்சிருந்தாரு போலருக்கு."

நான் திரும்பியபோது வீட்டுக்காரி பத்து வெள்ளியைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தாள். பக்கத்தில் கழற்றிய டயர் சுவரில் சாய்ந்து கிடந்தது. நான் கணக்கு நோட்டை எடுத்து, பழைய கணக்கை அடித்துவிட்டு, புதுப் பக்கத்தில் '12,000' என்று எழுத உட்கார்ந்தேன்.

"ஏங்க" என்றாள். "நூல் தெரிஞ்சா மாத்திடணும்னு அந்தத் தம்பி சொன்னுச்சே?"

"ஆமாம். அதுதான் விதி."

"உங்க மூக்குக்கண்ணாடியில எட்டு மாசமா நூல் தெரியுதே, அது இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி?"

நியாயமான கேள்வி. கழித்துப் பார்த்துச் சொல்லலாம் என்று நோட்டைப் புரட்டினேன். எழுதியிருந்தது ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.