கிருஷ்ணன் ஒருவரா, பலரா?: காலமும் கருத்தும்

தமிழாராய்ச்சியில் தீர்ந்துபோன சிக்கல் என்று ஒன்றும் கிடையாது. தீர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர் எங்கே போவார்? அதியமானோடு அமர்ந்து கள்ளுண்ட ஔவையாரும் ஆத்திசூடி செய்த ஔவையாரும் வேறுவேறு என்று நிறுவி எத்தனையோ காலமாயிற்று. ஆயினும் மொத்தம் எத்தனை ஔவையார் என்று கேட்டால் இன்றும் ஆளுக்கோர் எண் சொல்கிறார்கள். நக்கீரர், கபிலர், பரணர் மூவரும் சங்கத்திலிருந்து எழுந்துபோய், பெயருக்குப் பின்னால் 'தேவ நாயனார்' என்று சேர்த்துக்கொண்டு, பதினோராம் திருமுறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள்தாமா இவர்கள் என்பது பற்றியும் வண்டி வண்டியாக எழுதியாயிற்று. பழம்புலவர் எவரும் மிச்சமில்லாமையால் இக்கட்டுரையாளன் கிருஷ்ணனை எடுத்துக்கொண்டான்.

இருபதாம் நூற்றாண்டில் கிருஷ்ணன் என்ற பெயருடையார் இயற்பியல், நகைச்சுவை, டென்னிஸ், வயலின், காட்டுயிர், திரைப்பட இயக்கம் ஆகியவற்றில் புகழ்பெற்றிருந்தமை அறியக் கிடக்கிறது. இவர்கள் எல்லாரும் ஒருவரே என்பது ஒருமைக் கொள்கை. இவர்களில் ஒவ்வொருவருமே பலர் என்பது பன்மைக் கொள்கை. பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் என்ன என்று மூன்றாவதாக ஒரு கொள்கையும் உண்டு. அதைச் சொல்பவர்கள் ஆராய்ச்சியாளர்கள் அல்லர்.

முதற்கண் வயலின் டி. என். கிருஷ்ணன். 1980இல் சங்கீத கலாநிதி பெற்றவர். இவர்பால் ஐயம் ஒன்றுமில்லை; ஆகவே ஆராய்ச்சியும் இல்லை.

அடுத்து, காட்டுயிர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996 வரை ஒரே பத்தியை விடாமல் எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள் ஒருவர் சொன்ன தேதிக்குக் கட்டுரை கொடுத்தார் என்பதைப் பன்மைக் கொள்கையினர் நம்ப மறுக்கின்றனர். இங்கே குறைந்தது மூன்று கிருஷ்ணர்கள் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. ஆய்வு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பழகியவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

இனித் தலையாய சிக்கலுக்கு வருவோம். இயற்பியலார் கே. எஸ். கிருஷ்ணன், நகைச்சுவைக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இருவரும் ஒருவரே என்பதற்கு முதற்சான்று இனிஷியல். இரண்டிலும் நடுவே 'எஸ்' நிற்பதைக் காண்க. ஒன்று சீனிவாச, மற்றது சுடலைமுத்து என்று வீட்டார் சொல்வர். வீட்டார் சொல்லை ஆராய்ச்சி உலகம் எந்நாளும் சான்றாகக் கொண்டதில்லை. 'கே' என்றது 'என்' என்றானது ஏடு பெயர்த்தெழுதியோர் பிழை (விரிவுக்கு: என் அச்சேறாத நூல் 'கிருஷ்ண நிர்ணயம்', முதல் தொகுதி). முன்னவர் வத்திராயிருப்பில் 1898இலும் பின்னவர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இலும் பிறந்தனர் என்பர். சங்கப் புலவர் காலத்தை முன்னூறு ஆண்டு முன்பின்னாகத் தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் துறையில் பத்தாண்டு ஒரு பொருட்டா?

இரண்டாவது சான்று மறுக்க முடியாதது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதருடன் கலைவாணர் 1944இல் கைதானார். அவர் சிறையில் இருந்தபோதே, 1946இல், இயற்பியலார் கிருஷ்ணனுக்கு ஆங்கில அரசு 'சர்' பட்டம் வழங்கியது. லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனைத் தீர்ப்பை ஏற்காமல் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்ல, 1947இல் சென்னை உயர்நீதிமன்றம் கலைவாணரை விடுவித்தது. அதே 1947இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநராகிறார் கிருஷ்ணன். பட்டம் கொடுத்ததும் லண்டன். தீர்ப்பைத் தள்ளியதும் லண்டன். வெளியே வந்தவுடன் வேலையும் தயாராக இருக்கிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? (காண்க: மேற்படி நூல், இரண்டாம் தொகுதி, எட்டாம் இயல், அடிக்குறிப்பின்கீழ் அடிக்குறிப்பு. தாள் கறையான் வாய்ப்பட்டமையால் எஞ்சிய பகுதி ஊகத்தால் நிரப்பப்பட்டது. ஊகமே சிறந்த பகுதி என்று பெயர் சொல்ல விரும்பாத பேரறிஞர் ஒருவர் நேர்ப்பேச்சில் கருதினார்.)

இதற்கு ஒரு தடை எழுப்புவர். கே. எஸ். கிருஷ்ணன் கல்கத்தாவில் சி. வி. ராமனோடு இருந்து 1928இல் ஒளிச்சிதறலை ஆராய்ந்தவராயிற்றே என்பது அது. ராமன் திரேதா யுகம், கிருஷ்ணன் துவாபர யுகம். இருவரும் ஒரே ஆய்வகத்தில் நின்றார்கள் என்பது அவதார வரிசைக்கே முரண் ஆதலின், அப்பகுதி இடைச்செருகல் என்க.

பன்மைக் கொள்கையினர் இங்கே பல்லைக் கடிப்பர். 1946இல் ஆங்கில அரசு மதித்தவரையே 1954இல் சுதந்திர இந்தியா பத்மபூஷண் தந்து மதித்தது எங்ஙனம்? ஆகவே சர் கிருஷ்ணன் வேறு, பத்மபூஷண் கிருஷ்ணன் வேறு என்பது அவர் வாதம். இதை நான் ஏற்கவில்லை. ஆட்சி மாறியதும் இரு பக்கமும் பொன்னாடை வாங்கிக்கொண்ட அறிஞர் பெருமக்களை நாம் நேரிலேயே கண்டிருக்கிறோம். அவர்கள் அனைவரையும் இரண்டிரண்டாகப் பிளக்க நாட்டில் போதிய நாற்காலி இல்லை.

ஒருமைக் கொள்கையின் உச்சம் நாகர்கோவில் கருதுகோள். கலைவாணர் அவ்வூர். விம்பிள்டனில் 1960, 1961 இரு ஆண்டும் அரையிறுதி ஆடிய ராமநாதன் கிருஷ்ணன் 1937இல் பிறந்ததும் அவ்வூரே. எழுத்தாளர் கிருஷ்ணன் நம்பி அருகிலுள்ள அழகியபாண்டியபுரத்துக்காரர். ஒரு வட்டாரம் மூன்று கிருஷ்ணர்களைத் தாங்குமா? கலைவாணர் 1957இல் மறைந்தாரே, 1960இல் ஆடியது யார் என்று சிலர் கேட்கக்கூடும். இத்தகைய கேள்விகள் கருத்தரங்கில் தேநீர் இடைவேளைக்குப் பிறகே எடுத்துக்கொள்ளப்படும்.

ராமநாதன் கிருஷ்ணனுக்கு ரமேஷ் கிருஷ்ணன் என்றொரு மகனும் சொல்லப்படுகிறார். விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைத் தந்தை 1954இலும் மகன் 1979இலும் வென்றனராம். டேவிஸ் கோப்பை இறுதியில் தந்தை 1966இலும் மகன் 1987இலும் ஆடினராம். அதே ஊர், அதே பட்டம், அதே கோப்பை, அதே பெயர். மகன் என்பது வெறும் உரையாசிரியர் கூற்று. ஒரே கிருஷ்ணன் பதினேழு வயதில் ஒருமுறையும் நாற்பத்திரண்டு வயதில் ஒருமுறையும் சிறுவர் பட்டம் வென்றார் என்பதே பொருந்தும். வயதுச் சான்றிதழ் கேட்காமல் விட்டது விம்பிள்டன்காரர் பிழை. (காண்க: 'கிருஷ்ண நிர்ணயம்' நூலுக்கு நானே எழுதிய மறுப்புக்கு நானே எழுதிய மறுப்பு, இரண்டாம் பதிப்பு. முதற்பதிப்பு வெளிவரவில்லை. மூன்றாம் பதிப்பில் இக்கருத்து கைவிடப்பட்டாலும் அடிக்குறிப்பு அழகு கருதி விடப்பட்டுள்ளது.)

இத்தனை கட்டடத்தையும் ஒரே படம் ஆட்டிப் பார்க்கிறது. 1949இல் வந்த 'நல்லதம்பி'. நடித்தவர் கலைவாணர் கிருஷ்ணன், இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. கேமராவுக்கு முன்னும் ஒரு கிருஷ்ணன், பின்னும் ஒரு கிருஷ்ணன். ஒருமைக் கொள்கையினர் ஓட்டமாக ஓடியிருப்பார் என்று விளக்கம் தருகின்றனர். எனக்கு அது போதவில்லை. பஞ்சுவைக் கேட்டால் தெளிவு பிறக்கும் என்று கருதி அப்பக்கம் திரும்பினேன். அங்கேதான் வினை. பஞ்சு தம் படங்களைத் தொகுக்கும்போது மட்டும் 'பஞ்சாபி' என்று பெயர் போட்டுக்கொண்டார். ஒரு பெயரில் பல ஆளைப் பிரித்துப் பழகிய துறைக்கு, ஓர் ஆள் இரு பெயரில் நிற்பது முற்றிலும் புதிய களம். தொகுப்பாளரின் பூர்விகத்தை நேரில் ஆராயும் பொருட்டு, லூதியானா சென்று மூன்று மாதம் தங்கிவரப் பயணப்படியும் குளிர்காலச் சட்டைக்கான தொகையும் வேண்டி விண்ணப்பம் அனுப்பியுள்ளேன்.